வாசல் வரை வந்தவர்களைப் பட்டம் வரை அழைத்துச் செல்லும் கல்லூரிகள்

கல்லூரியில் இடம் கிடைப்பது ஒரு பாடு. கிடைத்த இடத்தில் கடைசி வரை நின்று பட்டம் வாங்குவது இன்னொரு பாடு.

அமெரிக்கா பணக்கார நாடுதான். ஆனால் அங்கேயும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சேருகிறார்கள். பாதியில் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வெள்ளையர்களைவிடக் கறுப்பு இனத்தவரிடமும், ஸ்பானிஷ் மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வம்சத்தினரிடமும் இது அதிகம்.

படிப்பு ஏறவில்லை, நின்றுவிட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. பஸ்சுக்குக் காசு இல்லாமல் நின்றவர் உண்டு. புத்தகம் வாங்க முடியாமல் நின்றவர் உண்டு. சில நூறு டாலர் பீஸ் பாக்கிக்காகப் பெயர் வெட்டப்பட்டவர் உண்டு. யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமலே நின்றுபோனவரும் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கல்லூரிகள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை எப்படித் தோன்றின? என்ன செய்கின்றன? 2025-ம் ஆண்டில் அவற்றுக்கு வந்த சோதனை என்ன?

நம் நாட்டு முறை வேறு

நம் நாட்டில் "சிறுபான்மைக் கல்லூரி" என்றால் ஒரு மதத்தினரோ மொழியினரோ நடத்தும் கல்லூரி என்று பொருள். அமெரிக்காவில் யார் நடத்துகிறார்கள் என்பது கணக்கல்ல. யார் படிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

இவற்றில் இரண்டு வகை முக்கியமானவை.

முதல் வகை, கறுப்பு இன மக்களுக்கென்றே தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகள். 1964-ம் ஆண்டுக்கு முன்பு தோன்றியவை மட்டுமே இந்த வகையில் சேரும் என்று 1965-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் சொல்கிறது. இவை சுமார் 100 இருக்கின்றன.

இரண்டாவது வகை, மாணவர்களில் 100-க்கு 25 பேராவது லத்தீன் வம்சத்தினராக உள்ள கல்லூரிகள். 1992-ம் ஆண்டில் இவற்றுக்குச் சட்டத்தில் இடம் தரப்பட்டது. இப்போது 600 அளவில் இருக்கின்றன. அமெரிக்காவில் பட்டப்படிப்புப் படிக்கும் லத்தீன் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில்தான் படிக்கிறார்கள்.

25 சதவீதம் இருந்தால் மட்டும் அரசு உதவி கிடைத்துவிடாது. ஏழை மாணவர்கள் அதிகம் இருக்க வேண்டும். கல்லூரியும் செலவுக்குத் திண்டாடுவதாக இருக்க வேண்டும். கிடைக்கும் பணம் தனி மாணவர் கைக்குப் போவதில்லை. ஆய்வுக்கூடம், நூலகம், கூடுதல் ஆசிரியர், ஆலோசகர் என்று கல்லூரிக்கே போகிறது. அங்கே படிக்கும் ஏழை வெள்ளைக்கார மாணவனுக்கும் அதில் பங்கு உண்டு.

கடிகாரத்தை அடகு வைத்த தலைமை ஆசிரியர்

கறுப்பு இனத்தவர் அடிமைகளாக இருந்த காலத்தில், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. அதன்பின் இந்த மக்கள் முதலில் தேடியது பள்ளிக்கூடத்தைத்தான்.

வடக்கே பென்சில்வேனியாவில் 1837-லேயே ஒரு பள்ளி தோன்றிவிட்டது. அதுதான் பின்னாளில் செய்னி பல்கலைக்கழகம் ஆயிற்று. 1866-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் பிஸ்க் பள்ளி பிறந்தது. சில ஆண்டுகளில் கையில் பணம் இல்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. அப்போது மாணவ-மாணவிகள் ஒன்பது பேர் 1871-ல் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பாடினார்கள். அடிமைகளாக இருந்தபோது தங்கள் பெற்றோர் பாடிய பக்திப் பாடல்கள்! அந்தக் குழு இங்கிலாந்துக்குப் போய் விக்டோரியா ராணியின் முன்பும் பாடியது. அந்த வசூலில் எழுந்த "ஜூபிலி மண்டபம்" இன்றும் அங்கே நிற்கிறது.

அலபாமா மாநிலம் டஸ்கீகியில் 1881-ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார், அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன். கட்டடம் கட்டச் செங்கல் வாங்கப் பணம் இல்லை. மாணவர்களே மண் குழைத்துச் செங்கல் அறுத்தார்கள். முதல் சூளை வேகவில்லை. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதும் கெட்டது. வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். அந்தப் பணத்தில் போட்ட நாலாவது சூளை வெந்தது!

தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேர் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-ல் பட்டம் பெற்றது இங்கேதான். 2021 முதல் 2025 வரை அவர் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தார். சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பு இன நீதிபதியான தர்குட் மார்ஷல் சட்டம் படித்ததும் ஹோவர்டில்தான்.

அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரியில் 1944-ல் ஒரு 15 வயதுப் பையன் சேர்ந்தான். அந்தக் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேய்ஸ், 1936-ம் ஆண்டு இறுதியில் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்துப் பேசிவிட்டுப் போனவர். அந்தப் பையன் அவரையே தன் வழிகாட்டியாகக் கொண்டான். அவன்தான் மார்ட்டின் லூதர் கிங்.

இன்று கறுப்பு இன மாணவர்கள் எந்தக் கல்லூரியிலும் சேரலாம். பத்தில் ஒருவர்தான் இந்தப் பழைய கல்லூரிகளுக்கு வருகிறார். ஆனாலும் கறுப்பு இனத்தவர் வாங்கும் பட்டங்களில் இவற்றின் பங்கு அதைவிட அதிகம்.

டயர் தொழிற்சாலையில் வகுப்பு

லத்தீன் மாணவர்களின் கதை வேறு விதமானது. டெக்சாஸ், கலிபோர்னியா ஆகிய பகுதிகள் ஒரு காலத்தில் மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்தவை. ஆகவே அங்கே பல குடும்பங்கள் பூர்வீகக் குடிகள். மற்றவர்கள் பழம் பறிக்கவும், கட்டட வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி. வகுப்பில் ஒரு மொழி. பெற்றோர் பலர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. உதவித்தொகை மனுவை நிரப்பிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது.

நியூயார்க் நகரில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் தங்கள் வட்டாரத்திலேயே ஒரு கல்லூரி வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். 1968-ல் ஹோஸ்டோஸ் கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. 1970-ல் ஒரு பழைய டயர் தொழிற்சாலைக் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. ஆங்கிலம் பழகும் வரை ஸ்பானிஷ் மொழியிலும் பாடம் நடத்தினார்கள்.

சில ஆண்டுகளில் நகர நிர்வாகத்துக்குப் பண நெருக்கடி வந்தது. ஹோஸ்டோசை வேறொரு கல்லூரியோடு இணைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர் மக்களும் கல்லூரிக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1976-ல் மாநிலச் சட்டசபை தலையிட்டு அந்தக் கல்லூரியைக் காப்பாற்றியது.

டெக்சாசின் எல்லைக்கோடியில் எல் பாசோ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் மெக்சிகோ நாடு. தினமும் பாலம் தாண்டி வந்து படிப்பவர்களும் உண்டு. மாணவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் லத்தீன் வம்சத்தினர். டயானா நட்டாலிசியோ என்ற அம்மையார் 1988 முதல் 2019 வரை இதன் தலைவராக இருந்தார். எத்தனை பேரைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினோம் என்பதில் ஒரு கல்லூரிக்குப் பெருமை இல்லை என்பது அவர் கொள்கை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, ஆராய்ச்சியில் அமெரிக்காவின் முதல் வரிசைப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக அதை உயர்த்திக் காட்டினார்.

பஸ் பாஸ் செய்த வேலை

கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் கண்டுகொண்டது. அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் சேருபவர்கள் ஏராளம், முடிப்பவர்கள் குறைவு.

2007-ல் ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார்கள். முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்பது மாணவருக்கு நிபந்தனை. அதற்குப் பதிலாகக் கல்லூரி சில உதவிகளைச் செய்யும். உதவித்தொகை போக மீதிப் பீஸ் தள்ளுபடி. பாடப்புத்தகம் இலவசம். ரெயிலுக்கும் பஸ்சுக்கும் பாஸ் இலவசம். தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆள். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு 600 பேருக்கு மேல் ஓர் ஆலோசகர் என்றால், இந்தத் திட்டத்தில் 60 முதல் 80 பேருக்கு ஒருவர்! மாதம் இரண்டு முறையாவது அவரைப் பார்த்தாக வேண்டும்.

இதில் பலன் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் லத்தீன், கறுப்பு இனத்தவர். ஒரு பாதிக்குத் திட்டம். மறு பாதிக்கு வழக்கமான முறை. மூன்று ஆண்டு கழித்து எண்ணினார்கள். வழக்கமான முறையில் பட்டம் வாங்கியவர்கள் 100-க்கு 22 பேர். திட்டத்தில் இருந்தவர்கள் 100-க்கு 40 பேர்!

இத்தனை உதவிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழும். ஒரு மாணவருக்கு ஆன செலவு 60 சதவீதம் அதிகம்தான். ஆனால் முடித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனதால், ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்துவிட்டது. பாதியில் நிற்கும் மாணவனுக்குச் செலவழித்த பணம்தான் உண்மையில் வீண் செலவு என்பதை அந்தக் கணக்கு காட்டியது. ஒகையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றின. அங்கேயும் இதே போன்ற பலன் கிடைத்தது.

900 டாலரில் ஒரு பட்டம்

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், 1960-களின் தொடக்கம் வரை கறுப்பு இனத்தவரை உள்ளேயே விடாத கல்லூரி. இன்று அமெரிக்காவில் கறுப்பு இன மாணவர்களுக்கு மிக அதிகமாகப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று.

2003-ல் அங்கே சேர்ந்த 100 பேரில் 32 பேர்தான் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடிக்கும் நிலை இருந்தது. காரணம் என்ன என்று நிர்வாகம் பழைய பதிவேடுகளைக் கிளறியது. பத்து ஆண்டு மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது. எந்தத் தடுமாற்றம் பின்னால் படிப்பை முறிக்கும் என்பதற்கு 800 அறிகுறிகள் கிடைத்தன.

உதாரணமாக, அரசியல் பாடத்தை எடுத்தவர் முதல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கினால் நாலில் மூன்று பேர் பட்டம் வரை போகிறார்கள். சுமாராக வாங்கியவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். "பாஸ்தானே ஆகிவிட்டான்" என்று முன்பெல்லாம் விட்டுவிடுவார்கள். 2012 முதல், அப்படி ஒரு மதிப்பெண் பதிவானதும் ஆலோசகருக்குத் தகவல் போய்விடும். அவர் மாணவரை அழைத்து விசாரிப்பார். தனிப்பாடத்துக்கு ஏற்பாடு செய்வார்.

இன்னொன்றையும் கண்டார்கள். ஒவ்வொரு பருவத்திலும் பீஸ் பாக்கிக்காகப் பல நூறு மாணவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டு வந்தன. அவர்களில் நன்றாகப் படிப்பவர்களும், இன்னும் ஒரு பருவம் போனால் பட்டம் வாங்கிவிடும் நிலையில் இருந்தவர்களும் உண்டு. பாக்கியோ சில நூறு டாலர்!

2011-ல் இவர்களுக்கென ஒரு சிறு நிதி தொடங்கப்பட்டது. மாணவர் மனுப் போட வேண்டியதில்லை. கல்லூரியே கணக்கைப் பார்த்து, பாக்கியைக் கட்டிவிட்டு, மாணவருக்குத் தகவல் சொல்லும். சராசரியாக ஒருவருக்கு ஆனது சுமார் 900 டாலர். அப்படி உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்தார்கள். மாணவர் தொடர்ந்து படித்ததால் வந்த பீஸ், கொடுத்த உதவியைவிட அதிகம் என்பதையும் பல்கலைக்கழகம் கணக்குப் போட்டுச் சொன்னது.

சுமார் பத்து ஆண்டுகளில் பட்டம் முடிப்பவர்கள் 100-க்கு 54 ஆனார்கள். கறுப்பு இன, லத்தீன் மாணவர்கள் வெள்ளை மாணவர்களுக்குச் சமமாகவோ, மேலாகவோ தேறினார்கள். இத்தனைக்கும் சேர்க்கையில் கெடுபிடி செய்யவில்லை. அதே வீட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மாறியது கல்லூரி.

வடிகட்டாத வகுப்பு

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் முதலாண்டு ரசாயனத் தேர்வை ஒரு சல்லடையாக வைத்திருக்கிறார்கள். டாக்டர் ஆசையோடு வந்தவர்களில் பலர் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுவார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் சேவியர் பல்கலைக்கழகம் அப்படிச் செய்யவில்லை. சுமார் 3 ஆயிரம் மாணவர்கள் படிக்கும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரி அது. ஆசிரியர்கள் ஒன்று கூடிப் பொதுப் பாட நோட்டுகள் தயாரித்தார்கள். அடிக்கடி சிறு தேர்வு வைத்தார்கள். ஒருவரோடு ஒருவர் போட்டி போடாமல், சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி மாணவர்களைப் பழக்கினார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையிலேயே வகுப்பு எடுத்தார்கள்.

பலன்? மருத்துவக் கல்லூரிக்குப் போய் டாக்டராகி வெளியே வரும் கறுப்பு இன மாணவர்களின் எண்ணிக்கையில், பெரிய பெரிய பல்கலைக்கழகங்களைத் தாண்டி, பல ஆண்டுகள் சேவியர்தான் முதலிடம்! 1968 முதல் 2015 வரை 47 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த நார்மன் பிரான்சிஸ், ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். அதே கல்லூரியில் படித்தவர். 2005-ல் கத்ரீனா புயலில் கல்லூரி வெள்ளத்தில் மூழ்கியது. ஆறு மாதம் ஆவதற்குள், 2006 ஜனவரியில், மறுபடியும் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்.

கொடுக்காமல் விட்ட 1,200 கோடி டாலர்

இவ்வளவையும் இந்தக் கல்லூரிகள் குறைந்த பணத்தில் செய்கின்றன.

விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகள், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று தென் மாநிலங்களில் தனித்தனியாக இருந்தன. 1890-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுக்கும் நியாயமாகப் பணம் பிரித்துத் தர வேண்டும். 2023 செப்டம்பரில் மத்திய அரசின் கல்வி மந்திரியும் விவசாய மந்திரியும் 16 மாநிலக் கவர்னர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பு இனக் கல்லூரிகளுக்குச் சேர வேண்டிய பணத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைந்திருக்கிறது என்று அதில் சொன்னார்கள். டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றுக்கு மட்டும் 210 கோடி டாலர்.

மேரிலாந்து மாநிலத்தில் விஷயம் கோர்ட்டுக்கே போயிற்று. கறுப்பு இனக் கல்லூரியில் நன்றாக நடக்கும் பாடப்பிரிவையே பக்கத்துக் கல்லூரியிலும் தொடங்கி மாணவர்களை இழுத்துக்கொள்ள மாநிலம் இடம் கொடுத்தது என்பது புகார். 2006-ல் போட்ட வழக்கு 15 ஆண்டுகள் நடந்தது. 2021-ல் நாலு கல்லூரிகளுக்கு 57 கோடியே 70 லட்சம் டாலர் தர மாநிலம் ஒப்புக்கொண்டது.

2025-ல் வந்த சோதனை

மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, 2025 ஜூனில் டென்னசி மாநில அரசு ஒரு வழக்குத் தொடர்ந்தது. 25 சதவீதம் லத்தீன் மாணவர்கள் இருந்தால்தான் பணம் என்பது மற்றவர்களுக்குச் செய்யும் பாரபட்சம் என்பது அதன் வாதம். தங்கள் மாநிலத்திலும் ஏழை மாணவர்கள் படிக்கிறார்கள், எண்ணிக்கை எட்டாததால் கல்லூரிக்குப் பணம் வருவதில்லை என்பது அதன் குறை.

இந்தத் திட்டத்துக்காகக் கோர்ட்டில் வாதாடப் போவதில்லை என்று மத்திய அரசு ஜூலையில் சொல்லிவிட்டது. செப்டம்பரில், லத்தீன் மாணவர் கல்லூரிகள் உள்ளிட்ட பல வகைக் கல்லூரிகளுக்குத் தரவிருந்த சுமார் 35 கோடி டாலரை நிறுத்துவதாகக் கல்வித்துறை அறிவித்தது. பழைய கறுப்பு இனக் கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு கூடுதல் பணம் தருவதாகவும் சொன்னது.

ஒரு கல்லூரிக்குக் கூட்டி, இன்னொன்றுக்குக் கழித்ததால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். ஏனென்றால் கறுப்பு இன மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் படிப்பது மற்ற கல்லூரிகளில்தான். லத்தீன் மாணவர் கல்லூரிகளிலும் அவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அங்கே பணம் நின்றால் முதலில் போவது ஆலோசகரும் தனிப்பாட ஆசிரியரும்தான். கட்டடம் நிற்கும், கேட்க ஆள் இருக்காது.

இனத்தை வைத்துப் பணம் தருவது சரியா, வறுமையை வைத்துத் தருவது சரியா என்ற வழக்கைக் கோர்ட்டுகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் எது மாணவனைப் பட்டம் வரை கொண்டு போகும் என்பதில் இனி சந்தேகத்துக்கு இடமில்லை. நியூயார்க்கும் அட்லாண்டாவும் நியூ ஆர்லியன்சும் சோதித்துக் காட்டிவிட்டன: வந்து போகப் பஸ் பாஸ், பாக்கி கட்ட ஒரு சிறு தொகை, மதிப்பெண் இறங்கிய வாரமே கூப்பிட்டு விசாரிக்கும் ஓர் ஆள்.

வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு, எந்த நாட்டிலும், "இடம் கிடைத்ததா?" என்று கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த ஆறாவது மாதம் "எப்படிப் படிக்கிறாய், என்ன தேவை?" என்று கேட்பவர்தான் வேண்டும்.